மலையகச் சிறுவரின் சிறுநீரக நலன்: காலம் கடந்து கண்டறிவதில் பயனில்லை

இலங்கையில் சிறுநீரக நோய் என்று பேச்செடுத்தவுடன் அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் விவசாயிகளே நம்மில் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவர். 1990களின் நடுப்பகுதியில் வட மத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னமும் முழுமையாகத் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் அங்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களை நிர்க்கதிக்குள்ளாக்கியுள்ளது. அதன் பேரில் தூய குடிநீர்த் திட்டங்கள் வந்தன, ஆய்வுகள் நடந்தன, சீன உதவியுடன் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென விசேட வைத்தியசாலையொன்று 2021ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு இவை கிடைத்தே ஆக வேண்டியவை. அதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

ஆனால், சிறுநீரகம் பழுதடைவதற்கு வேறு வழிகளும் உண்டு. அவற்றில் சில குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகின்றன. அவை ஒரு மாகாணத்துக்கோ ஒரு தொழிலுக்கோ உரியவையல்ல. கருவில் இருக்கும்போதே சிறுநீர்ப் பாதையில் ஏற்படும் பிறவிக் குறைபாடுகளும், மீண்டும் மீண்டும் வந்துபோகும் சிறுநீர்த் தொற்றுகளும் உலகின் எல்லா நாடுகளிலும் குழந்தைகளைப் பாதிக்கின்றன. கொழும்பில் பிறக்கும் குழந்தைக்கும் பொகவந்தலாவையில் பிறக்கும் குழந்தைக்கும் இயற்கை இந்த விடயத்தில் பாகுபாடு காட்டுவதில்லை. பாகுபாடு அதன் பின்னரே தொடங்குகின்றது. கொழும்புக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் சிறுநீர் பரிசோதிக்கப்படுகின்றது. நுவரெலியா, ஹட்டன் பிரதேசத் தோட்டங்களின் குழந்தைக்கு அதே பரிசோதனை பல மாதங்கள் கழித்து, சில வேளைகளில் பல காய்ச்சல்கள் கழித்து நடக்கின்றது. மலையகச் சிறுவரின் சிறுநீரக நலன் பற்றிய பிரச்சினையின் மையப்புள்ளி இந்தத் தாமதமே என நாம் கருதுகின்றோம்.

சத்திரசிகிச்சை நிபுணர்களின் பற்றாக்குறை பற்றியே வழமையாகப் பேசப்படுகின்றது. அது உண்மையான குறையே. ஆயினும் நிபுணரிடம் போய்ச் சேர வேண்டிய பிள்ளை யார் என்பதைத் தோட்டத்திலேயே இனங்காணாவிடின், பேராதனையில் எத்தனை நிபுணர்கள் இருந்தும் என்ன பயன்? முதல் அறிகுறிக்கும் முதல் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் இடையே கடந்துபோகும் காலத்திலேயே இப்பிள்ளைகளின் சிறுநீரகங்கள் தழும்பேறுகின்றன.

முதலில் நோயின் தன்மையைச் சற்று நோக்குவோம். பெரியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டால் எரிவு, நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகிய அறிகுறிகள் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். கைக்குழந்தைக்கு அப்படியில்லை. காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கலாம். பால் குடிக்க மறுத்தல், வாந்தி, காரணமின்றிச் சிணுங்குதல், எடை கூடாமை ஆகியனவும் தோன்றலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், வேறு வெளிப்படையான காரணமின்றிக் காய்ச்சலுடன் வருவோரில் ஏறக்குறைய 7 சதவீதத்தினருக்குச் சிறுநீர்த் தொற்றே காரணமென மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. நூறு காய்ச்சல்களில் ஏழு என்பது சிறிய தொகையாகத் தோன்றலாம். குளிரும் மழையும் நிறைந்த மலைநாட்டில் ஒரு தோட்டத்தில் ஓராண்டில் வரும் குழந்தைக் காய்ச்சல்களின் எண்ணிக்கையை எண்ணிப் பார்த்தால் அது சிறிய தொகையல்ல என்பது விளங்கும்.

தோட்டத்தில் அந்தக் காய்ச்சலுக்கு என்ன நடக்கின்றது? காலையில் பிரட்டுக்குப் போக வேண்டிய தாய், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையேறுகின்றாள். மாலையில் காய்ச்சல் அதிகரித்தால் தோட்ட மருந்தகத்தில் பரசிட்டமோல் பாணி கிடைக்கின்றது. சில வேளை அன்டிபயோடிக் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றது. இரண்டு நாட்களில் காய்ச்சல் தணிந்ததும் மருந்து நிறுத்தப்படுகின்றது. எல்லோருக்கும் நிம்மதி. தொற்று அரைகுறையாக அடங்கியிருக்கின்றது. அதன் காரணம் தொடப்படவேயில்லை. அடுத்த மாதம் மீண்டும் காய்ச்சல். "மழையில் நனைந்தது, பனி பட்டது, சூடு பிடித்தது" என்று விளக்கங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. நெருஞ்சிமுள் கசாயமும் பார்லித் தண்ணீரும் கொடுக்கப்படுகின்றன. இவற்றைக் கொடுக்கும் பாட்டிமாரை நாம் குறை கூற மாட்டோம். கைக்கெட்டிய தூரத்தில் எது இருக்கின்றதோ அதையே மனிதர் நாடுவர்.

இங்கே தேவைப்படுவது பெரிய இயந்திரமல்ல. இரசாயனம் தடவிய ஒரு சிறு பட்டியைச் சிறுநீரில் தோய்த்து எடுத்தால் சில நிமிடங்களில் வெண்குருதிக் கலங்கள், நைத்திரைற்று, புரதம், இரத்தம் ஆகியவற்றின் அடையாளம் தெரிந்துவிடும். சந்தேகம் எழுந்தால், அன்டிபயோடிக் மருந்து ஆரம்பிக்கப்படுவதற்கு முன்னர் சிறுநீர் மாதிரியை எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதை அறியும் வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முதல் வேளை மருந்து கொடுத்த பின்னர் எடுக்கப்படும் மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். அவ்வாறு போனால் அந்தப் பிள்ளைக்குத் தொற்று இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு விடையே கிடைக்காமல் போய்விடும். அந்த விடையில்தான் அடுத்தடுத்த பரிசோதனைகள் யாவும் தங்கியுள்ளன. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையின் நிலை வேறு. அதற்குக் காய்ச்சல் வந்தால் பட்டியை நம்பிக் காத்திருக்கலாகாது; உடனடியாக வைத்தியசாலைக்கே கொண்டு செல்ல வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறையும் முக்கியமானது. குழந்தையின் உறுப்பில் பையை ஒட்டி எடுக்கப்படும் சிறுநீரில் தோலிலுள்ள கிருமிகள் கலந்து தவறான முடிவைத் தரக்கூடும். இடத்தை நன்கு கழுவி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது இடைநடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடிப்பதே சிறந்தது. அதனை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குச் சேர்க்க வேண்டும். இயலாவிடின் குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகை செல்சியஸில் வைத்தால் ஒரு நாள் வரை தாங்கும். அக்கரப்பத்தனையின் மேற்பிரிவுத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு போத்தலை ஆய்வுகூடத்தில் ஒப்படைப்பது எவ்வளவு கடினம் என்பதை அப்பாதையில் பயணித்தோர் அறிவர். தோட்ட மருந்தகத்தில் ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டியும் வாரத்தில் குறித்த சில நாட்களில் மாதிரிகளைச் சேகரித்துச் செல்லும் ஒரு வாகனமும் இருந்தால் இக்கடினம் பெருமளவு தீர்ந்துவிடும்.

தொற்று உறுதியானால் அடுத்த கேள்வி, அது ஏன் வந்தது என்பதாகும். காய்ச்சலுடன் கூடிய சிறுநீர்த் தொற்றுக்குள்ளாகும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்தை நோக்கிப் பாயும் குறைபாடு காணப்படுகின்றது. இவர்களில் பலருக்கு வளர வளர அது தானாகவே சீராகிவிடும். சிலருக்குத் தொற்றைத் தடுக்கும் மருந்தும், மிகச் சிலருக்குச் சத்திரசிகிச்சையும் தேவைப்படும். எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லாப் பரிசோதனைகளும் தேவையில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒன்று முதற்படியாகப் பெரும்பாலும் போதுமானது. வலியோ கதிரியக்கமோ அற்ற பரிசோதனை அது.

ஆண் குழந்தைகளில் வேறொரு குறைபாடும் உண்டு. சிறுநீர்க் குழாயின் பின்பகுதியில் மெல்லிய சவ்வுகள் தோன்றிச் சிறுநீரை மறிக்கின்றன. இது அரிதானது, பல ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ஏற்படுவது. ஆனால் கவனிக்கப்படாவிடின் இரண்டு சிறுநீரகங்களையும் அழிக்கவல்லது. இதனை இனங்காணத் தாயின் கண்களே போதுமானவை. ஆண் குழந்தை சிறுநீர் கழிக்கும்போது தாரை வளைந்து பாய வேண்டும். சொட்டுச் சொட்டாக வடிந்தாலோ, குழந்தை முக்கி முக்கிக் கழித்தாலோ, அடிவயிறு எப்போதும் உப்பியிருந்தாலோ அன்றே வைத்தியரிடம் கூற வேண்டும். கர்ப்ப காலத்து ஸ்கேன் பரிசோதனையில் குழந்தையின் சிறுநீரகம் வீங்கியிருப்பதாக எழுதப்பட்டிருந்தால், பிறந்த பின்னர் அக்குறிப்பைத் தாய் மறவாது காட்ட வேண்டும். கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுதப்பட்ட அந்த ஒரு வரி, குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டுக்கு மாற்றப்படாமலேயே மறைந்துபோகக்கூடாது.

மலையகத்தில் இந்நோய்களை மறைத்துவிடும் இன்னொரு திரை உண்டு. அது போசாக்கின்மை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவரில் வயதுக்கேற்ற உயரமற்றோர் 17 சதவீதம். தோட்டத்துறையில் அது 32 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை குள்ளமாக இருக்குமிடத்தில் குள்ளமான பிள்ளையை எவரும் வியப்புடன் நோக்குவதில்லை. ஆனால் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கும் பிள்ளையும் வளராது, வெளிறிப்போகும், சோர்ந்திருக்கும், உணவை வெறுக்கும். மாதந்தோறும் நிறுத்து, "எடை போதாது, சத்துணவு கொடுங்கள்" என்று அனுப்பப்படும் பிள்ளைகளுள் ஓரிருவரின் குறை சத்துணவில் இல்லாமல் இருக்கலாம். வளர்ச்சிக் கோடு தொடர்ந்து சரியும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தடவையாவது சிறுநீரைப் பரிசோதித்து, இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

சொறி சிரங்கு பற்றியும் ஒரு வார்த்தை. நெருக்கமான லயன் அறைகளில் ஒரு பிள்ளைக்குச் சிரங்கு வந்தால் வீடு முழுவதும் பரவும். அப்புண்களில் தொற்றும் ஒருவகைக் கிருமியின் எதிர்விளைவாக, சில வாரங்கள் கழித்துச் சிறுநீரக அழற்சி ஏற்படலாம். காலையில் முகம் வீங்கியிருக்கும். சிறுநீர் சாயத்தண்ணீரின் நிறத்தில் போகும். இரத்த அழுத்தம் உயரும். இந்த நிறத்தைத் தேயிலை மண்ணின் தாய்மார் எவரும் தவறவிட மாட்டார்கள். அது ஆபத்தின் நிறம் என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே.

தொற்றுக்கு உடற்குறைபாடு மட்டும் காரணமல்ல, வாழிடமும் காரணமாகின்றது. பல தோட்டங்களில் இன்றும் பீலித் தண்ணீரே குடிநீர். வரட்சி காலத்தில் அதற்கும் வரிசை. குளிர் மிகுந்த இடத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதும் குறைவு. பல குடும்பங்களுக்குப் பொதுவான மலசலகூடம், கதவற்ற கூடம், இருட்டிய பின் செல்ல முடியாத கூடம் என்ற நிலையில் பிள்ளை சிறுநீரையும் மலத்தையும் அடக்கிப் பழகுகின்றது. அடக்கிவைக்கப்படும் சிறுநீரில் கிருமி பெருகுகின்றது. மலச்சிக்கல் சிறுநீர்ப்பையை நெருக்கி அது முழுமையாக வெறுமையாவதைத் தடுக்கின்றது. மலச்சிக்கலைச் சீராக்குவதாலேயே மீண்டும் மீண்டும் வரும் தொற்றுகள் பல பிள்ளைகளில் குறைந்துவிடுகின்றன என்பது சிறுவர் மருத்துவத்தில் நன்கறியப்பட்ட உண்மையாகும். பாடசாலைகளில் பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. தண்ணீரில்லாத கழிப்பறைக்குச் செல்வதைத் தவிர்க்கக் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமலிருக்கும் மாணவிகள் பலர். பாடசாலைக் கழிப்பறை கல்வித் திணைக்களத்தின் விடயம், சிறுநீரகம் சுகாதார அமைச்சின் விடயம் என்ற பிரிவினை அப்பிள்ளையின் உடலுக்குத் தெரியாது.

ஆண் குழந்தைகள் பிறந்த முதல் நாட்களில் கவனிக்கப்பட வேண்டிய இரு விடயங்களை இங்கு குறிப்பிட வேண்டும். முதலாவது, விதை விதைப்பைக்குள் இறங்காதிருத்தல். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூவர் அல்லது நால்வருக்கு இக்குறை காணப்படுகின்றது. பெரும்பாலானோருக்கு முதல் ஆறு மாதங்களுக்குள் தானாகவே இறங்கிவிடும். அதன் பின்னரும் இறங்காவிடின் காத்திருப்பதில் பயனில்லை. ஒன்றரை வயதுக்குள் சத்திரசிகிச்சை முடிந்திருக்க வேண்டும் என்பதே மருத்துவ உலகின் இன்றைய நிலைப்பாடு. பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடைபெறுகின்றது. முதலாம் தரத்தில், அதாவது ஐந்து, ஆறு வயதில் முதன்முதலாகக் கண்டறியப்படும் இக்குறை, உரிய காலத்தைக் கடந்து நான்காண்டுகளுக்குப் பின் கண்டறியப்பட்ட குறையாகும். பின்னாளில் மகப்பேற்றுத் திறன் குன்றவும், அரிதாகப் புற்றுநோய் தோன்றவும் இத்தாமதம் இடமளிக்கின்றது.

இரண்டாவது, சிறுநீர்த் துவாரம் ஆண்குறியின் நுனியில் இல்லாது கீழ்ப்பக்கத்தில் அமைந்திருத்தல். இருநூறு முதல் முந்நூறு ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ஏற்படும் இக்குறை பற்றி நமது முஸ்லிம் வாசகர்கள் விசேடமாக அறிந்திருப்பது அவசியமாகும். இக்குறையைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சைக்கு முன்தோலே பல வேளைகளில் பயன்படுத்தப்படுகின்றது. ஆகவே கத்னா செய்வதற்கு முன்னர் குழந்தையின் சிறுநீர்த் துவாரம் உரிய இடத்தில் உள்ளதா என்பது உறுதிப்படுத்தப்பட வேண்டும். குறை இருப்பின், சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்கும் வரை கத்னாவைத் தள்ளிவைக்க வேண்டும். சீராக்கும் சத்திரசிகிச்சையின்போதே கத்னாவும் நிறைவேறிவிடுவதால் மார்க்கக் கடமைக்கு எவ்விதக் குறையும் நேர்வதில்லை. தகுதிபெற்ற வைத்தியரைக் கொண்டே கத்னா செய்விக்கும் வழக்கம் இன்று பரவலாகியிருப்பது வரவேற்கத்தக்கது. ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை, நாவலப்பிட்டி நகரங்களின் பள்ளிவாசல் நிர்வாகங்களும், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சபையின் கிளைகளும் இந்த ஒரு செய்தியை ஜும்ஆ மேடைகளில் ஆண்டுக்கு ஒரு தடவை நினைவூட்டினாலே பல குழந்தைகள் இரட்டைச் சத்திரசிகிச்சைகளிலிருந்து காப்பாற்றப்படுவர்.

அதேவேளை, முன்தோல் பின்னகரவில்லை என்பதற்காகக் குழந்தைகளின் உறுப்பைப் பலவந்தமாக இழுத்துச் சுத்தம் செய்யும் வழக்கமும் சில குடும்பங்களில் உண்டு. சிறு வயதில் அது ஒட்டியிருப்பது இயற்கை. இழுப்பதால் புண்ணும் தழும்பும் உண்டாகி இல்லாத நோய் வந்துசேரும்.

சற்று வளர்ந்த ஆண் பிள்ளைகளுக்கு விதைப்பையில் திடீரெனக் கடும் வலி ஏற்பட்டால் அது அவசர நிலை. விதை முறுக்கிக்கொண்டால் ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை நடக்க வேண்டும். அதன் பின்னர் ஒவ்வொரு மணித்தியாலமும் அவ்விதையைக் காப்பாற்றும் வாய்ப்பைக் குறைக்கின்றது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவன் வெட்கத்தால் வயிற்று வலி என்று மட்டும் கூறுவான். அல்லது விடியும் வரை எதுவுமே கூறமாட்டான். பிள்ளைகளிடம் உடலைப் பற்றி வெட்கமின்றிப் பேசும் தந்தையர் இதில் பாதி வைத்தியர்கள். மீதிப் பாதியை 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை நிறைவுசெய்ய வேண்டும்.

படுக்கையில் சிறுநீர் கழித்தல் குறித்தும் நமது சமூகங்கள் மாற வேண்டியுள்ளது. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் இரவில் படுக்கையை நனைக்கின்றனர். ஆண்டுதோறும் அவர்களில் ஒரு பகுதியினர் சிகிச்சையின்றியே அதிலிருந்து விடுபடுகின்றனர். இது சோம்பலுமல்ல, பிடிவாதமுமல்ல. ஆயினும் ஒரே அறையில் பலர் உறங்கும் லயத்தில் அப்பிள்ளை அடியும் வசையும் வாங்குகின்றது. விடுதிப் பாடசாலைகளிலும் மத்ரசாக்களிலும் தங்கிப் படிக்கும் பிள்ளைகளோ நண்பர்கள் முன்னிலையில் கூனிக்குறுகுகின்றனர். தண்டனையால் இது குணமாவதில்லை, கூடவே செய்யும். பகலிலும் நனைகின்றதா, நீர்க்கடுப்பு உண்டா, மலச்சிக்கல் உண்டா, நின்றிருந்த பழக்கம் திடீரென மீண்டும் தொடங்கியதா என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் வைத்தியரை நாட வேண்டும்.

இவை யாவும் மருத்துவ நூல்கள் அறிந்தவை. நடைமுறைக்கு வராததன் காரணத்தைத் தோட்ட சுகாதாரத்தின் வரலாற்றிலேயே தேட வேண்டும். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் சுகாதாரத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே வைத்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. 1990களில் தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் திட்டம் தொடங்கியபோதும் அது முழுமை பெறவில்லை. இதன் விளைவாக, மருந்தகம் கம்பனியின் பொறுப்பில், தடுப்பூசியும் கிளினிக்கும் சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பில், வீடமைப்பு வேறொரு நிறுவனத்தின் பொறுப்பில் என ஒரே பிள்ளை பல அதிகாரங்களுக்கிடையே நிற்கின்றது. காய்ச்சலுக்கு வந்த பிள்ளையின் சிறுநீரைப் பரிசோதிக்கும் பட்டியை யார் வாங்கிக் கொடுப்பது என்ற எளிய கேள்விக்குக்கூடத் தெளிவான பதிலில்லாத நிலை அங்கிருந்தே பிறக்கின்றது.

மாற்றங்கள் எதுவும் நிகழவில்லை என்று கூறுவது நீதியாகாது. இந்திய உதவியுடன் நிர்மாணிக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடத்தை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் விரிவடைந்துள்ளது. ஆயினும் சிறுவருக்கான விசேட சத்திரசிகிச்சை, சிறுநீரக மருத்துவம் என்று வந்துவிட்டால் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையோ, கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையோதான் கதி. ஹட்டனிலிருந்து பேராதனைக்கு அறுபது கிலோ மீற்றருக்கும் அதிகமான மலைப்பாதை. தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு வருவதே முதற் பயணம். தாயும் பிள்ளையும் விடியுமுன் புறப்பட வேண்டும். துணைக்குத் தந்தையும் சென்றால் இருவருக்கும் அன்று பேர் விழாது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை நிறைவேற 2021ஆம் ஆண்டுவரை காத்திருந்த சமூகம் இது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்தபோதும், இருவரின் ஒரு நாள் உழைப்பையும் வாகனக் கூலியையும் இழந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக் செல்வது எத்தனை குடும்பங்களால் இயலும்? நமது நாட்டில் சிகிச்சை இலவசம். சிகிச்சையை அடையும் பாதை இலவசமல்ல.

அப்பாதையும் எப்போதும் திறந்திருப்பதில்லை. பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022 மார்ச் மாதத்தில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டதை மறந்துவிட முடியாது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி கொண்டுவந்த மண்சரிவுகள் மலையகத்தின் வீதிகளையும் ரயில் பாதையையும் துண்டித்தன. தொலைவில் உள்ள ஒரே வைத்தியசாலையை நம்பியிருக்கும் பிள்ளைக்கு, ஒரு பாலம் உடைவதும் மருந்து நின்றுபோவதும் ஒன்றுதான்.

மொழியும் ஒரு தூரமே. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனால் சிறுநீர் எவ்வாறு வருகின்றது, எத்தனை தடவை நனைகின்றது, வலி எங்கே என்பன போன்ற கூச்சமான விபரங்களைத் தெரியாத மொழியில் ஒரு தாய் எவ்வாறு கூறுவாள்? மருத்துவத்தில் நோயைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தாய் சொல்லும் கதையே. கதை பாதியில் நின்றால் நோய்நிர்ணயமும் பாதியில் நின்றுவிடும்.

இவற்றுக்கிடையே நம்பிக்கை பற்றிய கேள்வியும் எழுகின்றது. 2022 டிசம்பரில் கொழும்பில் சிறுநீரக சத்திரசிகிச்சைக்குட்படுத்தப்பட்ட மூன்று வயதுப் பாலகனின் இரண்டு சிறுநீரகங்களும் அகற்றப்பட்டதாக எழுந்த முறைப்பாடும், 2023 ஜூலையில் அப்பாலகன் உயிரிழந்தமையும் நாட்டையே உலுக்கின. விடயம் நீதிமன்றம் வரை சென்றது. அத்துயரம் நமது சமூகங்களின் பெற்றோர் பலரிடம் சத்திரசிகிச்சை பற்றிய அச்சத்தை விதைத்துள்ளது. அச்சம் நியாயமானது. ஆனால் அச்சத்தால் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது அதற்கு மருந்தாகாது. எந்தச் சிறுநீரகம், ஏன், ஸ்கேன் என்ன கூறுகின்றது, வேறு வழியுண்டா என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பெற்றோருக்கும் உண்டு. புரியும் மொழியில் பதிலளிக்கும் கடமை வைத்தியசாலைக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்துவதே அச்சத்துக்கான மருந்தாகும்.

அரசாங்கத்திடம் பணமில்லை, மலையகத்தின் போசாக்கின்மையும் வீடமைப்பும் இதைவிட அவசரமானவை என்று சிலர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் தழும்பேறிய சிறுநீரகங்களுடன் வளரும் பிள்ளை, இளம் வயதில் உயர் இரத்த அழுத்தத்துக்கும், கர்ப்ப காலச் சிக்கல்களுக்கும், இறுதியில் இரத்தச் சுத்திகரிப்புக்கும் ஆளாகக்கூடும். வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை இயந்திரத்தில் இணைக்கப்படும் ஒரு நோயாளிக்கு அரசு செலவிடும் தொகையோடு ஒப்பிடுகையில், ஒரு தோட்டத்துக்குத் தேவையான பரிசோதனைப் பட்டிகளின் விலை அற்பமானது.

எனவே நாம் முன்வைப்பது பெருந்திட்டமல்ல. தோட்ட மருந்தகம் ஒவ்வொன்றிலும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டியும் மாதிரியை வைக்கக் குளிர்சாதனப் பெட்டியும் இருக்க வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சலுடன் வரும் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் மருந்துக்கு முன் சிறுநீர் எடுக்கப்பட வேண்டும். பிறந்த குழந்தையைப் பார்க்கும் குடும்ப நல உத்தியோகத்தர், ஆண் குழந்தைகளின் விதை, சிறுநீர்த் துவாரம், சிறுநீர்த் தாரை ஆகிய மூன்றையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பேராதனையின் சிறுவர் சத்திரசிகிச்சை, சிறுநீரகப் பிரிவுகளின் நிபுணர்கள் டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் மாதம் ஒரு தடவையேனும் கிளினிக் நடத்தினால் நூறு குடும்பங்கள் மலையிறங்குவதற்குப் பதிலாக ஒரு வாகனம் மலையேறும். பிள்ளையைக் கிளினிக் கொண்டுசெல்லும் நாளுக்குத் தாய்க்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை, அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்களின் கோரிக்கையாக வேண்டும். சம்பளத்துக்காக வீதியில் இறங்கும் சங்கங்களுக்கு இது சிறிய கோரிக்கை, தாய்மாருக்குப் பெரியது.

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், "சிறுநீரைப் பரிசோதித்துப் பார்ப்பீர்களா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கொடுக்கப்பட்ட மருந்தை, காய்ச்சல் விட்ட பின்னரும் சொல்லப்பட்ட நாள் வரை கொடுக்க வேண்டும். பரிசோதனைத் துண்டுகளையும் ஸ்கேன் அறிக்கைகளையும் சுகாதாரப் பதிவேட்டினுள்ளேயே பத்திரப்படுத்த வேண்டும். பிள்ளையை மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்கப் பழக்க வேண்டும். நனைந்த படுக்கைக்காக அடிக்கக்கூடாது.

மலையகத் தமிழ் மக்கள் இலங்கை மண்ணில் கால்பதித்த இருநூறு ஆண்டுகள் 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமாக நினைவுகூரப்பட்டது. அந்த நடையின் கோரிக்கைகளான காணி, வீடு, சம்பளம், மொழி யாவும் இன்னமும் கோரிக்கைகளாகவே உள்ளன. அவற்றுடன் ஒப்பிடுகையில் ஒரு சிறு போத்தல் சிறுநீரை உரிய நாளில் பரிசோதிக்கச் செய்வது எளிதில் நிறைவேற்றக்கூடிய காரியம். எளிதானதையே செய்யாத நிர்வாகம் கடினமானதைச் செய்யும் என்று எவ்வாறு நம்புவது? சுகாதார அமைச்சும், பெருந்தோட்டக் கம்பனிகளும், தொழிற்சங்கங்களும் இக்கேள்விக்குச் சொல்லால் அன்றிச் செயலால் பதிலளிக்க வேண்டுமென்பதே நமது எதிர்பார்ப்பாகும்.